வீடு கைவிட்டுப் போகாமல் கடனிலிருந்து மீள முடியுமா? டெட் ரிவ்யூவா (கடன் மறுசீரமைப்பா), சீக்வெஸ்ட்ரேஷனா (திவால் அறிவிப்பா)?

கேள்வி: சாட்ஸ்வொர்த் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தின் கடன் நிலைமை பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. சொந்தக்காரர்களிடம் கேட்டால் மறுநாளே கோயில் வாசல் வரை பேச்சாகிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில். நான் ஒரு அரசுப் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராக வேலை செய்கிறேன். என் கணவர் கார்களுக்குத் தகர வேலையும் பெயிண்ட் வேலையும் செய்யும் பட்டறையைத் தம் சொந்தப் பெயரில் நடத்திவந்தார். 2021 ஜூலைக் கலவரத்தில் பட்டறை சூறையாடப்பட்டது. கலவர இழப்புக்கான சாஸ்ரியா காப்பீடு எங்களுக்கு இல்லை. அதிலிருந்து தலையெடுப்பதற்குள் 2022 ஏப்ரல் வெள்ளம் வந்து, மிஞ்சியிருந்த கம்ப்ரசரையும் வெல்டிங் இயந்திரத்தையும் சேற்றில் மூழ்கடித்தது. கடன் வாங்கி மறுபடியும் தொடங்கினோம். வேலை வந்தது, ஆனால் தவணைகளைச் சுமக்கும் அளவுக்கு வரவில்லை. போன ஆண்டு பட்டறையை மூடிவிட்டு அவர் வேறொரு இடத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டார்.

இன்றைய நிலவரம் இது. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வரும் சம்பளம் மாதம் ஏறத்தாழ 31,000 ரேண்ட். வீட்டுக் கடனில் 610,000 பாக்கி, மாதத் தவணை 7,400. வீட்டை இன்றைக்கு விற்றால் 900,000 போகும் என்கிறார்கள். காருக்கு 140,000 பாக்கி, தவணை 5,200. கிரெடிட் கார்டு, தனிநபர் கடன் என்று இரண்டு வங்கிகளில் 210,000. துணிக்கடை, மரச்சாமான் கடை அட்டைகளில் 28,000. பெயிண்ட் அடிக்கும் அறைக்காக வாங்கிய இயந்திரக் கடனில் 90,000 நிற்கிறது. அதற்கு என் தம்பி பிணைக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். எல்லாத் தவணைகளையும் கூட்டினால் வருமானத்தைத் தாண்டுகிறது. மாதம் பிறந்தால் ஓர் அட்டையிலிருந்து எடுத்து இன்னோர் அட்டைக்குக் கட்டுகிறோம். இதற்கு மேல், பட்டறையை மூடும் நேரத்தில் என் கணவர் ஒரு மஷோனிசாவிடம் (தெருவில் வட்டிக்குக் கொடுப்பவர்) 15,000 வாங்கினார். அந்த ஆள் அவருடைய வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, சம்பளம் விழுந்த அன்றே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்.

போன வாரம் கார்க் கடன் கொடுத்த வங்கியிலிருந்து 129ஆம் பிரிவின் கீழ் என்று தலைப்பிட்ட பதிவுத் தபால் வந்தது. அதே வாரத்தில் ஒரு நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் பேசிய பெண், அடையாள எண்ணை மட்டும் சொன்னால் போதும், எல்லாத் தவணைகளையும் பாதியாக்கித் தருகிறோம் என்றார். பக்கத்து வீட்டுக்காரரோ, சீக்வெஸ்ட்ரேஷன் போட்டுவிட்டால் மொத்தக் கடனும் அழிந்துவிடும், டெட் ரிவ்யூ என்பது வீண் வேலை என்கிறார். எது நடந்தாலும் அதற்கு முன்பு வீட்டை எங்கள் மூத்த மகன் பெயருக்கு மாற்றிவிடுங்கள் என்பது மாமியார் சொல்வது.

எங்களுக்குக் கடனைக் கட்டாமல் ஓடும் எண்ணம் இல்லை. வீடு நிலைக்க வேண்டும், தம்பிக்குக் கெடுதல் வரக் கூடாது. எந்த வழியில் போவது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.


பதில்: மெரிபேங்க் ஓய்வூதியர்

அம்மா, வணக்கம். ஒரு வங்கியின் கடன் வசூல் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் எழுதியவற்றுள் மிக அவசரமானது அந்தப் பதிவுத் தபால்தான். மற்றவற்றை அதன் பிறகு பார்க்கலாம்.

2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டத்தில் 129ஆம் பிரிவு என்பது, வழக்குப் போடுவதற்கு முன்பு கடன் கொடுத்தவர் உங்களுக்கு அனுப்பியே தீர வேண்டிய அறிவிப்பு. தவணை தவறி 20 வேலை நாட்களாவது ஆகியிருக்க வேண்டும். அறிவிப்புத் தரப்பட்டு 10 வேலை நாட்கள் கழிய வேண்டும். அதற்குப் பிறகே அவர்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். கடன் ஆலோசகரிடம் போகலாம், தகராறு இருந்தால் அதைத் தீர்க்கும் அமைப்புக்குப் போகலாம் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருப்பார்கள். அதைப் பயமுறுத்தும் தாளாக நினைத்து அலமாரியில் வைத்துவிடுகிறவர்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது உங்களுக்குச் சட்டம் கொடுக்கும் அவகாசம்.

அந்த அவகாசத்துக்குள் டெட் ரிவ்யூவுக்கு விண்ணப்பித்தால் கார்க் கடனும் அதில் சேரும். சம்மன் வந்துவிட்டால் அந்த ஒரு கடன் வெளியே நின்றுவிடும். மற்றவற்றை மட்டுமே சேர்க்க முடியும். 2015 மார்ச்சில் திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு, அறிவிப்பு வந்தாலே கதவு அடைபட்டுவிடும் என்ற நிலை இருந்தது. அந்தப் பழைய நிலையை வைத்து, உங்களுக்கு இனி வழியில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டெட் ரிவ்யூ நடைமுறை இப்படித்தான். தேசியக் கடன் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற்ற கடன் ஆலோசகரிடம் படிவம் 16இல் விண்ணப்பிக்கிறீர்கள். அவர் 5 வேலை நாட்களுக்குள் உங்களுக்குக் கடன் கொடுத்த கடன்காரர்கள் அனைவருக்கும், கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிரெடிட் பீரோக்களுக்கும் தெரிவிக்க வேண்டும். பிறகு வரவு, செலவு, கடன் எல்லாவற்றையும் பார்த்து, நீங்கள் தாங்க முடியாத கடனில் இருக்கிறீர்களா என்று முடிவு செய்வார். குடும்பம் நடத்த வேண்டியதை ஒதுக்கிவிட்டு, மிஞ்சும் தொகையைக் கடன்காரர்களுக்குப் பங்கிடும் திட்டம் ஒன்றை அவர் போடுவார். அதை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் ஆணையாக்க வேண்டும். பல வங்கிகள் பிணையற்ற கடன்களுக்கு வட்டியைக் கணிசமாகக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொள்கின்றன. வீட்டுக் கடனில் அந்த அளவு சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். கிரெடிட் கார்டும் தனிநபர் கடன்களும்தான் உங்களை அழுத்துகின்றன. அங்கேதான் நிவாரணமும் கிடைக்கும்.

ஒன்றைக் கேட்க மறந்துவிடக் கூடாது. திருமணத்துக்கு முன்பு வழக்கறிஞர் முன் சொத்து ஒப்பந்தம் எழுதினீர்களா? எழுதாமல் சட்டப்படி பதிவு செய்திருந்தால் உங்கள் இருவருடைய சொத்தும் கடனும் ஒன்று. அப்படியானால் நீங்கள் மட்டுமோ அவர் மட்டுமோ விண்ணப்பிக்க முடியாது. இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும்.


பதில்: டொங்காட் அக்கா

தங்கச்சி, நானும் என் வீட்டுக்காரரும் டெட் ரிவ்யூவில் இருக்கிறோம். ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். அதற்குள் வாழ்வது எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன்.

முதல் சந்திப்பில் ஆலோசகர் எங்களிடம் கேட்டது கடனைப் பற்றி அல்ல. மாதத்துக்கு எத்தனை ரொட்டி வாங்குகிறீர்கள், பிள்ளைகள் பள்ளிக்கு டாக்சியில் போகிறார்களா, முன்பணம் கட்டும் மின்சார மீட்டருக்கு எவ்வளவு போடுகிறீர்கள் என்றே கேட்டுக்கொண்டுபோனார். அரிசி, பருப்பு, மீன், எண்ணெய் என்று தனித்தனியாக எழுதச் சொன்னார். நான் வெட்கப்பட்டு எல்லாவற்றையும் குறைத்துச் சொன்னபோது, வங்கிக் கணக்குத் தாளைத் திருப்பி என் முன் வைத்து, போன மாதம் கடையில் தேய்த்த தொகையைக் காட்டி, "இதுதான் உண்மை, இதையே எழுதுங்கள், குறைத்து எழுதினால் மூன்றாம் மாதமே தவணை தவறும்" என்றார். தவணை தவறினால் முழுப் பாதுகாப்பும் போய்விடும் என்பதால் இது சின்ன விஷயமே அல்ல. தைப்பூசத்துக்கும் புரட்டாசி விரதத்துக்கும் ஆகும் செலவைக்கூட ஆண்டுக் கணக்கில் போட்டு மாதத்துக்குப் பிரித்துக்கொண்டோம். செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சந்தாவை அவர் அடித்துவிட்டார், அது சரியே.

அடுத்து நடப்பதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். முதல் மாதம் நீங்கள் கட்டும் பணம் பெரும்பாலும் ஆலோசகர் கட்டணத்துக்குப் போய்விடும்; ஆகவே அந்த மாதம் கடன்காரர்களுக்கு ஒன்றும் போகாது, தொலைபேசி ஓயாது அடிக்கும். விண்ணப்பித்த தேதியையும் ஆலோசகரின் பெயரையும் ஒரு தாளில் எழுதித் தொலைபேசி அருகில் வைத்துக்கொண்டு, யார் பேசினாலும் அதை மட்டும் சொல்லுங்கள். கோபப்படவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். நாங்கள் கடனே இல்லாத வேறொரு வங்கியில் புதுக் கணக்குத் திறந்து சம்பளத்தை அங்கே மாற்றிக்கொண்டோம். பழைய டெபிட் ஆர்டர்கள் (கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணைகள்) நிற்காமல் பிடுங்கிக்கொண்டிருந்தால் புதிய திட்டத்துக்குக் கட்டப் பணம் இருக்காது. மாதத் தொகையை ஆலோசகர் கையில் கொடுப்பதில்லை. பணம் பங்கிடுவதற்கென்றே பதிவு பெற்ற முகமை அதை வாங்கிக் கடன்காரர்களுக்கு அனுப்புகிறது. ஆலோசகரே தம் சொந்தக் கணக்கில் போடச் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

தொலைபேசியில் அடையாள எண் கேட்ட அந்தப் பெண்ணுக்கு எதையும் சொல்லாதீர்கள். "சரி" என்று சொன்ன ஒரு வார்த்தையைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, கையெழுத்தே இல்லாமல் ஆட்களை டெட் ரிவ்யூவில் ஏற்றிவிட்டதாகப் பலர் புலம்பக் கேட்டிருக்கிறேன். உண்மையான ஆலோசகருக்கு என்.சி.ஆர்.டி.சி. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் அந்த எண் இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். இதில் ஏறிவிட்டால் நினைத்தபோது இறங்க முடியாது. புதுக் கடன், புது அட்டை எதுவும் கிடைக்காது. கடன்கள் தீர்ந்து தீர்வுச் சான்றிதழ் வாங்கிய பிறகே பீரோவில் உங்கள் பெயருக்கு எதிரே உள்ள குறிப்பு நீங்கும். வீட்டுக் கடன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தாலும், அதில் பாக்கி இல்லாமல் இருந்தால் சான்றிதழ் தருவார்கள் என்பது நமக்கு ஆறுதலான விஷயம்.


பதில்: வெருலம் சட்ட அலுவலக ஊழியர்

அக்கா, நான் வழக்கறிஞர் அல்ல; வழக்கறிஞர் அலுவலகத்தில் இதுபோன்ற கோப்புகளைத் தயார் செய்பவன். சீக்வெஸ்ட்ரேஷன் பற்றியும் வீட்டை மகன் பெயருக்கு மாற்றுவது பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. 1936ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துச் சொத்தை ஒப்படைக்கலாம். முடிவில் பழைய கடன்களிலிருந்து விடுதலை உண்டு. அவர் சொல்லாத பாதி என்னவென்றால், நம் நாட்டு நீதிமன்றம் கடனாளியின் துயரத்தை மட்டும் பார்த்து அந்த ஆணையைத் தருவதில்லை. உங்களைத் திவாலாக அறிவிப்பதால் கடன்காரர்களுக்கு நன்மை உண்டு என்பதை நீங்களே கணக்குக் காட்டி நிரூபிக்க வேண்டும். விற்க எதுவும் இல்லாத ஏழைக்கு இந்தக் கதவு திறக்காது என்பது பல காலமாகப் பலர் குறை கூறிவரும் அநீதி. உங்களுக்கோ திறக்கக்கூடும், ஏன் தெரியுமா? வீட்டை விற்று வங்கிக்குக் கொடுத்தது போக ஏறத்தாழ 290,000 மிஞ்சும் என்று உங்கள் கணக்கே காட்டுகிறது. அந்த மிச்சம்தான் நீதிமன்றம் தேடும் நன்மை. எந்த வீட்டைக் காப்பாற்ற நினைக்கிறீர்களோ, அதை விற்பதாகச் சொல்லித்தான் அந்த விண்ணப்பமே நிற்க முடியும். குடியிருக்கும் வீடு என்பதற்காக அதைத் தனியே ஒதுக்கிவைக்கும் விலக்கு நம் சட்டத்தில் இல்லை.

செலவும் சிறியதல்ல. அரசிதழிலும் செய்தித்தாளிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். சொத்து விவரப் பட்டியலை திவால் சொத்துகளை மேற்பார்க்கும் மாஸ்டர் அலுவலகத்தில் 14 நாள் எல்லோர் பார்வைக்கும் வைக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் பல்லாயிரம் ரேண்ட் ஆகும். திருமணச் சொத்து ஒன்றாக இருந்தால் நீங்கள் இருவருமே திவாலானவர்கள் ஆவீர்கள். நீதிமன்றத்தில் மனுப் போட்டு திவால் நிலையை நீக்கும் மறுவாழ்வு ஆணை பெற வழக்கமாக 4 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மனுப் போடாவிட்டால் 10 ஆண்டுகள் கழிந்து தானாக நீங்கும். அதுவரை உங்கள் கணவர் ஒரு கம்பெனியின் இயக்குநராக முடியாது. மறுபடியும் பட்டறை தொடங்கும் ஆசை இருந்தால் இதையும் எண்ணிப்பாருங்கள்.

இப்போது மாமியார் சொன்ன யோசனை. பெரியவர்கள் நல்ல மனத்துடன் சொல்வதுதான் என்றாலும், அதைச் செய்யவே வேண்டாம். விலை வாங்காமல் சொத்தைக் கைமாற்றி, பிறகு திவால் ஆணை வந்தால், 26ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்யலாம். ஆணைக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் நடந்த மாற்றமாக இருந்தால், மாற்றிய பிறகும் உங்கள் சொத்து கடனைவிட அதிகமாக இருந்தது என்று உங்கள் மகன்தான் நிரூபிக்க வேண்டும். பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்துவதைத் தவிர இதனால் ஒன்றும் ஆகாது. அதோடு, வீட்டின் மேல் அடமானம் இருக்கும்போது வங்கி சம்மதிக்காமல் பத்திரம் மாறவே மாறாது. தம்பி பிணை நின்ற கடனையோ வேறு உறவினரின் கடனையோ மட்டும் முன்கூட்டிக் கட்டித் தீர்ப்பதும் இப்படித்தான்: ஆணைக்கு முந்தைய 6 மாதத்துக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க, திவால் சொத்தை நிர்வகிக்கும் அறங்காவலருக்கு அதிகாரம் உண்டு.

இன்னொன்று. கடன்காரருக்கு, "என்னால் கட்ட முடியாது" என்று எழுத்தில் கொடுப்பது திவால் சட்டத்தில் ஒரு திவால் செயலாகவே எண்ணப்படும்; அதைக் காட்டி அவர்கள் உங்களுக்கு எதிராகவே மனுப் போடலாம். டெட் ரிவ்யூவுக்கு விண்ணப்பித்ததைத் திவால் செயலாகக் கொள்ளக் கூடாது என்று சட்டமே பின்னர் திருத்தப்பட்டது. ஆகவே இனிமேல் வங்கிகளுக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதாமல், ஆலோசகர் வழியாகவே பேசுங்கள்.


கேள்வி கேட்டவர்: சாட்ஸ்வொர்த் வாசகி

ஐயாவுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் மனமார்ந்த நன்றி. கோயிலில் தாலி கட்டி, உடனே பதிவும் செய்தோம். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. ஆகவே இருவரும் சேர்ந்தே விண்ணப்பிப்போம். வீட்டை மாற்றும் பேச்சை நேற்றிரவே நிறுத்திவிட்டோம். பதிவு எண்ணைச் சரிபார்த்து, ஓர் ஆலோசகரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

இன்னும் சில சந்தேகங்கள் உண்டு. மஷோனிசா கடனையும் அந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டுமா? நான் அங்கத்தினராக இருக்கும் ஸ்டோக்வெல்லுக்கு (சீட்டுப் போன்ற சேமிப்புக் குழு) மாதம் 500 கட்டுகிறேன். அதை நிறுத்த வேண்டுமா? காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சுமை குறையுமா? பிணைக் கையெழுத்துப் போட்ட என் தம்பியிடம் என்ன சொல்வது?


பதில்: பீனிக்ஸ் கோயில் குழு

சகோதரி, மஷோனிசா விஷயத்தை நான் சொல்கிறேன். எங்கள் பகுதியில் வயதானவர்களின் அரசு உதவித்தொகை அட்டைகளை மீட்டுக் கொடுத்த அனுபவம் எங்கள் குழுவுக்கு உண்டு.

2016 நவம்பரிலிருந்து, எவ்வளவு சிறிய தொகையானாலும் வட்டிக்குக் கொடுப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்கூடக் குறுகிய காலச் சிறுகடனுக்கு மாதம் 5 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க முடியாது. அதே ஆண்டில் அவரிடமே வாங்கும் அடுத்த கடனுக்கு அது 3 சதவீதம். தெருவில் நூற்றுக்கு முப்பது, ஐம்பது என்று வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது. அதைவிட முக்கியமாக, கடனுக்காக ஒருவருடைய வங்கி அட்டையையோ அடையாளப் புத்தகத்தையோ ரகசிய எண்ணையோ வைத்துக்கொள்வது தேசியக் கடன் சட்டப்படி குற்றம். ஆகவே உங்கள் கணவர் நாளைக்கே தம் வங்கிக் கிளைக்குப் போய், அந்த அட்டையை ரத்து செய்து, புது அட்டையும் புது எண்ணும் வாங்கிக்கொள்ளட்டும். அதற்கு அந்த ஆளின் அனுமதி தேவையில்லை.

பயம் இருக்கும், அதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தனியாக அவரைச் சந்திக்கப் போக வேண்டாம். இதுவரை எந்தெந்தத் தேதியில் எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதை வங்கிக் கணக்குத் தாளில் குறித்துக்கொண்டு, மிரட்டல் வந்தால் அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், வழக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் பார்த்தவற்றில், எடுத்த பணம் வாங்கிய கடனைவிடப் பல மடங்கு ஆகியிருந்தது. கணக்கை எழுதிப் பார்த்தால் உங்களுக்கும் அப்படியே இருக்கலாம். ஆலோசகரிடம் இதை மறைக்காதீர்கள். மாதக் கணக்கில் ஓட்டை எங்கே என்று தெரியாமல் அவர் போடும் திட்டம் நிற்காது.


பதில்: டொங்காட் அக்கா

தங்கச்சி, அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியில் உங்களுக்குச் சேமிப்புப் பகுதி இருக்குமே? 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை அதிலிருந்து எடுக்கலாம். அதை எடுத்து அந்த மஷோனிசாவின் கணக்கை ஒரேயடியாக முடித்து நிம்மதியாக இருங்கள் என்பது என் கருத்து.


பதில்: மெரிபேங்க் ஓய்வூதியர்

டொங்காட் அம்மாவின் நல்லெண்ணம் புரிகிறது. ஆனாலும் இதில் நான் மாறுபடுகிறேன். அப்படி எடுக்கும் பணம் அந்த ஆண்டின் சம்பளத்தோடு சேர்த்து வரி கட்ட வேண்டிய வருமானமாகும். வரி பாக்கி இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். அதைவிடப் பெரிய காரணம் வேறு. ஓய்வூதிய நிதிக்குள் இருக்கும் தொகை, சில விலக்குகள் தவிர, கடன்காரர் கைக்கு எட்டாதது. உங்கள் இருவருக்கும் வயதான காலத்தில் மிஞ்சப்போவதும் அதுதான். சட்டத்துக்குப் புறம்பாக அட்டையைப் பிடித்து வைத்திருப்பவருக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பதை என் மனம் ஒப்பவில்லை. வியாழக்கிழமை ஆலோசகரிடம் கேட்ட பிறகே அதைத் தொடுங்கள்.

ஸ்டோக்வெல் என்பது, அங்கத்தினருக்கும் குழுவுக்கும் இடையே அதன் விதிப்படி நடக்கும் கொடுக்கல் வாங்கலாக இருக்கும் வரை, தேசியக் கடன் சட்டத்தில் கடன் ஒப்பந்தமாகவே எண்ணப்படுவதில்லை. ஆகவே அது திட்டத்தில் கடனாகச் சேராது. சேமிப்புக் குழுவாக இருந்து உங்கள் முறை அருகில் வந்திருந்தால், அந்தப் பணத்தை வாங்கும் வரை தொடர்வது பற்றி ஆலோசகரிடம் பேசுங்கள். முறை வர நெடுங்காலம் ஆகும் என்றால் மரியாதையாகச் சொல்லி விலகிவிடலாம்.

கார் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். தேசியக் கடன் சட்டத்தின் 127ஆம் பிரிவின்படி நீங்களாகவே காரை ஒப்படைக்கலாம். வங்கி 10 வேலை நாட்களுக்குள் அதன் மதிப்பை எழுத்தில் சொல்ல வேண்டும், அந்த மதிப்பு பிடிக்கவில்லை என்றால் அடுத்த 10 வேலை நாட்களுக்குள் பின்வாங்கலாம் என்றாலும், தவணை தவறியவர்களுக்கு அந்த உரிமை இல்லை. அதோடு, ஏலத்தில் போகும் விலை பெரும்பாலும் குறைவு. விற்ற பணம் 140,000க்குக் குறைந்தால் மீதிக் கடன் உங்கள் தலையில் நிற்கும், காரும் இருக்காது. கார் இல்லாமல் இருவரும் வேலைக்குப் போக முடியும் என்றால், வங்கியிடம் தீர்வுத் தொகைக் கடிதம் வாங்கி நல்ல விலைக்கு நீங்களே விற்பது மேல். வீட்டு வாசலுக்கு வந்து, கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால், நீதிமன்ற ஆணையோடு ஷெரிஃப் வந்தாலன்றிக் கொடுக்க வேண்டியதில்லை.

தம்பியிடம் இந்த வாரமே உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்களுடைய டெட் ரிவ்யூ உங்களைக் காக்கும். பிணைக் கையெழுத்துப் போட்டவரை அது காக்காது. கடன் கொடுத்தவர் அவரிடம் போகத் தடையில்லை. சீக்வெஸ்ட்ரேஷன் போட்டிருந்தாலும் இதே நிலைதான். உங்கள் கடன் தீர்ந்ததாகி மறுவாழ்வு ஆணை கிடைத்த பிறகும் பிணையாளரின் பொறுப்பு நீங்காது. பட்டறையை உங்கள் கணவர் தம் சொந்தப் பெயரில் நடத்தியது இங்கே நன்மையாகிறது: இயந்திரக் கடனையும் திட்டத்தில் சேர்க்கலாம், கம்பெனி பெயரில் வாங்கியிருந்தால் அதற்கு டெட் ரிவ்யூ கிடையாது. அந்தக் கடன்காரர் புதிய தவணையை ஏற்றுக்கொண்டு, அது மாதந்தோறும் தவறாமல் போனால், தம்பியைத் தேடிப் போகும் அவசரம் அவருக்குக் குறையும். தம்பிக்குத் தெரியாமல் முதல் கடிதம் அவர் வீட்டுக்குப் போவதுதான் குடும்பத்தைப் பிரிக்கும்.

வியாழக்கிழமை போகும்போது இருவருடைய அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கிக் கணக்குத் தாள், திருமணப் பதிவுச் சான்று, எல்லாக் கடன்களின் கடைசி அறிக்கை, பதிவுத் தபால் வந்த உறை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். உறையை விட்டுவிடாதீர்கள், 10 நாள் கணக்கைப் பற்றித் தகராறு வந்தால் அதில் உள்ள முத்திரைத் தேதிதான் பேசும். கிரெடிட் பீரோ அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பெறலாம். அதையும் முன்னதாகவே எடுத்துப் பார்த்தால், மறந்துபோன பழைய கடைக் கணக்குகள் தெரியவரும். அவற்றில் 3 ஆண்டுகளாக நீங்கள் எதுவும் கட்டாமலும் ஒப்புக்கொள்ளாமலும், கடன்காரர் வழக்குப் போடாமலும் இருந்த கணக்கு இருந்தால், காலாவதி ஆகிவிட்டதா என்று ஆலோசகரிடம் கேட்ட பிறகே அதைப் பட்டியலில் எழுதுங்கள். மாதச் செலவுக் கணக்கில் குடும்பத்தின் ஈமக் காப்பீட்டுத் தவணையைக் கட்டாயம் போடுங்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்று பலர் முதலில் அதைத்தான் நிறுத்துகிறார்கள்; பிறகு வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மறுபடியும் மஷோனிசாவிடம் போய் நிற்கிறார்கள்.